சொல்லிக் காட்டக் கூசுகிற ஊரிலிருந்து வெளிநாட்டுத் தன்னார்வலராக விண்ணப்பிப்பது

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறை மேசைக்கு வருடத்தில் ஏழெட்டு விண்ணப்பங்களாவது வந்துவிடும். பாஸ்போர்ட், கல்விக் கடன், கல்ஃப் வேலை என்று எதுவாகவும் இருக்கும். ஆங்கிலத்தில் நாலு வரி திருத்திக் கொடுப்பேன் என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார்கள். போன ஆடியில் ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். இருபத்தொன்பது வயது, ஆறு வருட அனுபவம். வெளிநாட்டில் தன்னார்வலராக வேலை செய்ய விண்ணப்பிக்கிறார். ஏன் வர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். சிறுவயது முதலே சேவையில் ஆர்வம், ஏழைகளின் கண்ணீரைத் துடைக்க வேண்டும், அன்னை தெரசா. படித்து முடித்தபோது அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

“2023 வெள்ளத்தப்போ எங்கம்மா இருந்த?” என்று கேட்டேன்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறிப் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோக, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சமயம் இவர் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூட முகாமில் நாலு நாள் இருந்திருக்கிறார். கரண்டு கிடையாது. சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் கெட்டுப்போகும் என்று, மண்பானையில் ஈர மணலைப் போட்டு, குப்பிகளைப் பாலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார். ஒரு நாற்பது பக்க நோட்டில் யாருக்கு என்ன மாத்திரை, எந்த நேரம் கொடுத்தது என்று எழுதியிருக்கிறார். மருந்துச் சீட்டைத் தண்ணீர் கொண்டுபோனவர்களிடம் மாத்திரையின் நிறத்தையும் அளவையும் கேட்டுக் குறித்து வைத்து, மூன்றாம் நாள் டாக்டர் வந்ததும் நோட்டை அவர் கையில் கொடுத்திருக்கிறார்.

“இத ஏம்மா எழுதல?”

“அதுல என்ன இருக்கு அண்ணாச்சி? எல்லாரும்தான செஞ்சாவ. செஞ்சதப் போயி சொல்லிக் காட்டவா முடியும்?”

வெளிநாட்டுத் தன்னார்வ விண்ணப்பத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகள் சறுக்குகிற இடம் இதுதான். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அது நல்ல வளர்ப்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படிவம் விரிவாகக் கேட்பது அந்தச் சொல்லிக் காட்டலையேதான். ஏன் அப்படிக் கேட்கிறார்கள், யார் கேட்கிறார்கள், கேட்பதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

யாருக்கு எந்தக் கதவு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வெளிநாட்டுத் தன்னார்வலர் என்றதும் அமெரிக்காவின் பீஸ் கோர் நினைவுக்கு வரும். 1961இல் கென்னடி தொடங்கியது. அந்த வருடமே இந்தியாவுக்கு ஆள் அனுப்பத் தொடங்கி 1976 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியது. ஜப்பானும் 1965இல் இதே போல ஒன்றைத் தொடங்கியது. இரண்டிலும் அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கே இடம். நாம் விண்ணப்பிக்க முடியாது. பிரிட்டனில் 1958இல் பிறந்த வாலண்டரி சர்வீஸ் ஓவர்சீஸ் அமைப்பும் தொடக்கத்தில் பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத்தான் அனுப்பியது. அப்புறம் அது தொழில் தெரிந்தவர்கள் பக்கம் திரும்பியது. ஆர்வத்தோடு வருகிற இளைஞரைவிட, பத்துப் பிரசவம் பார்த்த நர்ஸும் பம்பு செட்டைப் பிரித்து மாட்டத் தெரிந்தவரும்தான் போகிற ஊருக்குத் தேவை என்பது அனுபவத்தில் தெரிந்த பாடம். இன்று உருப்படியான எல்லாத் திட்டங்களும் இந்த நினைப்பில்தான் நடக்கின்றன.

நமக்குத் திறந்திருக்கும் பெரிய கதவு ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தால் உருவானது, 1996 முதல் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். இணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து, நம் விவரங்களைக் கொடுத்து, அவ்வப்போது வருகிற பணிகளுக்கு ஒவ்வொன்றாக விண்ணப்பிக்க வேண்டும். 18 முதல் 26 வயது வரை இளையோர் பிரிவு. 27 வயதும் மூன்று வருட அனுபவமும் இருந்தால் அடுத்த பிரிவு. 35 வயதுக்கு மேல், பதினைந்து வருட அனுபவத்தோடு வல்லுநர் பிரிவு. சம்பளம் என்று கிடையாது. மாதா மாதம் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு படி, பயணச் செலவு, காப்பீடு, விடுப்பு உண்டு. சர்வதேசப் பணி என்றால் சொந்த நாட்டில் போடமாட்டார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இளையோர் பிரிவு இடங்களில் கணிசமானவற்றுக்குச் சில பணக்கார நாட்டு அரசுகள் தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்காகவே பணம் கட்டுகின்றன. அறிவிப்பில் எந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம் என்ற வரியைப் படிக்காமல் இருபது இடத்துக்கு அனுப்பிவிட்டு, நமக்குத் தகுதி இல்லையோ என்று மனம் உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மருத்துவத் துறை என்றால் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. 1971இல் பிரான்சில் தொடங்கி, 1999இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியது. இந்தியாவிலிருந்தும் டாக்டர், நர்ஸ் மட்டுமல்லாமல் கணக்காளர், தண்ணீர் வசதி செய்கிறவர், கிடங்கு பார்க்கிறவர் என்று எடுக்கிறார்கள். படிப்பு முடித்து இரண்டு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். காங்கோ, சாட், நைஜர் என்று பிரெஞ்சு பேசுகிற நாடுகளில் வேலை அதிகம் என்பதால் பிரெஞ்சு தெரிந்தவருக்கு மவுசு உண்டு.

இன்னொன்று ஜெர்மன் அரசின் வெல்ட்வேர்ட்ஸ். 2008இல் ஜெர்மன் இளைஞர்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. 2013 முதல் எதிர்த்திசையிலும் ஆள் போகிறது. 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் ஜெர்மனியில் முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் மையம் போன்ற இடங்களில் பணி செய்யலாம். தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம் தருவார்கள். இதற்கு நேரடியாக விண்ணப்பிப்பதில்லை, இங்குள்ள கூட்டாளி அமைப்பு வழியாகப் போக வேண்டும்.

வீட்டைவிட்டு நகர முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஐ.நா. திட்டத்தில் இணையவழித் தன்னார்வப் பணி இருக்கிறது. பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு திரட்டுதல் போன்ற வேலைகள் வரும். முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டே பத்து வருடம் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவரின் மகள் கணினி படித்திருந்தால், அம்மாவின் அறிவும் மகளின் படிப்பும் சேர்ந்து ஒரு நல்ல விண்ணப்பம் ஆகும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

படிவம் உண்மையில் கேட்பது

ஒரு தன்னார்வலரை அனுப்ப விமானச் செலவு, காப்பீடு, பயிற்சி எல்லாம் ஆகிறது. போனவர் இரண்டாம் மாதமே திரும்பி வந்துவிட்டால் செலவு போவது மட்டுமில்லை, அங்கே அவரை நம்பித் தொடங்கிய வேலையும் நின்றுபோகிறது. அதனால் தேர்வு செய்கிறவர்கள் ஆசையை அளக்க மாட்டார்கள். முன்பு ஒரு சிக்கலில் எப்படி நடந்துகொண்டார் என்று பார்ப்பார்கள். நேர்முகத்தில் “ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்” என்றே கேள்விகள் ஆரம்பிக்கும். கருத்து மாறுபட்டவரோடு வேலை செய்த சந்தர்ப்பம், வசதி இல்லாமல் ஒரு காரியத்தை முடித்த சந்தர்ப்பம், தப்பு செய்து திருத்திய சந்தர்ப்பம். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று. இந்த நாலும் வர வேண்டும்.

நம்மவர்கள் மூன்றாவதில் மாட்டிக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் “நாங்க” என்போம். நாங்க சாப்பாடு கொடுத்தோம், நாங்க முகாம் நடத்தினோம். கேட்பவருக்கு அதில் உங்கள் கை எது என்று தெரியாது. மண்பானை யோசனை யாருடையது? நோட்டு போட்டது யார்? அதை மட்டும் “நான்” என்று எழுதினால் போதும், மற்றவர்கள் செய்ததை “நாங்கள்” என்றே விடலாம். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. கேஸ் ஷீட்டில் மருந்து கொடுத்த நர்ஸ் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான். யார் பொறுப்பு என்று தெரிவதற்காகப் போடுவது. இப்படிச் சொன்னதும் அந்த நர்ஸின் முகம் தெளிந்தது.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர்கள் நிறையப் பேர். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் கிராம முகாம். சான்றிதழ் பீரோவில் தூங்கும். அதை “சமூக சேவை செய்தேன்” என்று ஒரே வரியில் எழுதாமல், எந்த ஊர், என்ன வேலை, ஊர்க்காரர்கள் முதல்நாள் ஏன் ஒத்துழைக்கவில்லை, நாலாம் நாள் என்ன மாறியது என்று எழுதிப் பாருங்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011இலிருந்து நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் விடியற்காலை பைனாகுலரோடு நின்றவர்களுக்கும் இதையே சொல்வேன். எத்தனை குளம், எப்படி எண்ணினீர்கள், இருவர் கணக்கு வேறுபட்டால் என்ன செய்தீர்கள்? சுற்றுச்சூழல் பணி கேட்பவருக்கு அந்தக் காலைகள்தான் தகுதி.

அடுத்து, பரிந்துரைப்பவர்கள். நம் ஊரில் பெரிய மனிதர் பெயரைப் போடத் தோன்றும். கவுன்சிலர், தாளாளர், டாக்டர். அந்த அமைப்புகள் இவர்களை உண்மையாகவே தொடர்பு கொள்வார்கள். உங்களோடு பக்கத்தில் நின்று வேலை பார்த்த வார்டு சிஸ்டர் எழுதும் நாலு வரிக்கு முன்னால், உங்களை ஒரு விழாவில் பார்த்த பிரமுகரின் லெட்டர்பேடு நிற்காது. இதில் இப்போது கெடுபிடி கூடியிருப்பதற்கும் காரணம் உண்டு. ஹைட்டியில் ஆக்ஸ்பாம் என்ற பிரிட்டன் உதவி அமைப்பின் ஊழியர்கள் சிலர் பாலியல் ஒழுங்கீனத்தில் ஈடுபட்டது 2018இல் வெளியானதும் உதவி அமைப்புகள் எல்லாமே உலுக்கப்பட்டன. 2019 முதல், ஒருவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் பாலியல் ஒழுங்கீனப் புகார் உண்டா என்று அமைப்புகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. போலீஸ் சான்றிதழ் கேட்டால் நம்மைச் சந்தேகப்படுகிறார்களோ என்று வருத்தப்பட வேண்டாம். போகிற இடத்துக் குழந்தைகளுக்கான வேலி அது.

ஏன் எங்கள் நாட்டுக்கு என்ற கேள்வியைப் பலர் இணையத்தில் தேடி நிரப்புகிறார்கள். பாளையங்கோட்டைக்காரருக்கு அது தேவையில்லை. வெளியூர்க்காரர் வந்து வேலை செய்தால் ஊர் எதை நினைவில் வைக்கும் என்று நமக்குத் தெரியும். ரேனியஸ் 1820இல் இங்கே வந்தார். கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்குப் போனவர், அரை நூற்றாண்டு இந்த மண்ணில் கழித்தார். 1897இல் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் நடக்கிறது. அவர்கள் மிஷனரிகள், மதம் பரப்ப வந்தவர்கள். தன்னார்வலர் என்ற சொல்லை அவர்களுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் தமிழ் கற்று, இருந்து வேலை பார்த்தவர்களைத்தான் ஊர் பெயர் சொல்லி நினைக்கிறது. இங்கிருந்து போனவர்களும் உண்டு. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று சொல்லித் தனிச் சங்கம் அமைத்து, நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் அங்கே தெலுங்கு கற்றார்கள். எத்தனை மாதம் இருப்பீர்கள், அவர்கள் மொழி கற்பீர்களா என்ற கேள்விகள் வரும்போது இந்த நினைவு கைகொடுக்கும்.

இசக்கியா எசக்கியா

தேர்வானவர்கள் திணறுகிற இடம் பெரும்பாலும் பெயர்தான். பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலியிலேயே சேவா மையம் இருக்கிறது, மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய். அதில் சிரமமில்லை. நம் பெயர்களில்தான் சிரமம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கில ‘ஐ’ எழுத்தில் தொடங்கும் இசக்கியம்மாள். நர்சிங் பதிவில் ‘ஈ’ எழுத்தில் தொடங்கும் எசக்கியம்மாள். ஆதாரில் ஒரு ‘எஸ்’ கூடுதல். முன்னால் ஒரு முன்னெழுத்து, அது சுடலைமுத்து என்று விரிந்து பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் ஆகிவிடும். வெளிநாட்டு அலுவலர் அவரைச் சுடலைமுத்து என்றே கூப்பிடுவார். அப்பா பெயரால் கூப்பிடப்படுவதில் தப்பில்லை, ஆனால் மூன்று சான்றிதழும் மூன்று ஆளுடையது என்று அந்த அலுவலர் நினைத்தால் விசா நின்றுவிடும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தாலும் தொல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அப்படிப்பட்டவர்களுக்குச் சுற்றுலா விசா மறுத்தபோது நம் பக்கத்தில் பலர் தவித்தார்கள்.

ஆகவே விண்ணப்பிக்க நினைத்த நாளே எல்லாச் சான்றிதழையும் வரிசையாகத் தரையில் பரப்பி, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால் இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம். பெரிது என்றால் அரசிதழில் பெயர் மாற்றம். அது மாதக்கணக்கில் இழுக்கும். போலீஸ் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான் விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய். சில நாடுகள் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை கேட்கும். அதில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்கிற முத்திரை அது. 2005இல் இந்தியா அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது. கல்விச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசு சரிபார்க்கும், பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்கும்.

ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும்.

பணம் கேட்டால்

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் வாங்குவதில்லை. இந்த நர்ஸ் என்னிடம் வருமுன் டவுனில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ஐ.நா. தன்னார்வலர் இடம் உறுதி, நாற்பதாயிரம் கட்டு என்றார்களாம். நல்லவேளை, அப்பா அடகுக் கடைக்குப் போகச் சம்மதிக்கவில்லை.

பணம் போவதோடு முடிந்தால்கூடத் தேற்றிக்கொள்ளலாம். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இந்தியர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட, மியான்மரில் ஆயுதக் காவலுக்கு நடுவே இணைய மோசடி செய்ய வைக்கப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், அது சேவையின் பெயரால் வந்தாலும், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு வாரம் அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு இருக்கலாம், இத்தனை டாலர் என்று விற்கிறவர்கள் இன்னொரு வகை. கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. பார்க்க ஆள் வருவதால் குழந்தை தேவைப்படுகிறது, அதனால் வீட்டிலிருந்து பிரிக்கப்படுகிறது. பணம் இருந்தாலும் இதற்குப் போக வேண்டாம்.

வீட்டில் சொல்வது

“சம்பளம் இல்லேங்காவளே, அப்புறம் எதுக்குத் தாயி போணும்?” என்று நர்ஸின் அப்பா கேட்டார். பீடிக் கடையில் கணக்குப் பார்த்தவர். கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூர் போனதும், தெருவுக்கு நாலு பேர் துபாய் போவதும் அவருக்குத் தெரியும். போனால் வீடு கட்ட வேண்டும். அவர் கேள்வி நியாயமானது, தட்டிக் கழிக்கக் கூடாது. கடன் அடைய வேண்டிய வீடு என்றால் இந்த வழி இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மாதப் படி அங்கே சாப்பிட்டுத் தங்கத்தான், இங்கே அனுப்ப மிஞ்சாது. அந்த வீட்டில் தம்பிக்கு வேலை கிடைத்திருந்ததால் பேச இடம் இருந்தது. காப்பீடு யார் கட்டுவது, வன்முறை வெடித்தால் யார் வெளியே கொண்டுவருவது, திரும்பியதும் பழைய ஆஸ்பத்திரியில் எடுப்பார்களா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றாவதற்குப் பதில் இல்லை என்று மறைக்காமல் சொன்னோம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போட்டுப் பாரு” என்றார்.

இரண்டாம் முறை எழுதிய பக்கம் மண்பானையில் தொடங்கியது. கண்ணீர் துடைப்பது, அன்னை தெரசா எல்லாம் போய்விட்டன. எழுத்துத் தேர்வும் இணைய நேர்முகமும் முடிந்து, தகுதியானோர் பட்டியலில் இப்போது அவர் பெயர் இருக்கிறது. எந்த நாடு, எந்த மாதம் என்பதெல்லாம் இடம் அமைவதைப் பொறுத்தது. பிரெஞ்சு கொஞ்சம் வந்தால் சீக்கிரம் அமையும் என்று சொல்லியிருக்கிறார்கள். நைட் டூட்டி முடிந்து ஆலங்குளம் பஸ்ஸில் ஏறியதும் காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறார். போன வாரம் நோட்டைக் காட்டினார். வெள்ளத்தில் மாத்திரைக் கணக்கு எழுதிய அதே நாற்பது பக்க நோட்டு, ஓரமெல்லாம் சேற்றுக்கறை. மீதிப் பக்கங்களில் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி, எங்கே வலிக்கிறது: ஊ அவே வூ மால்.